ரஞ்சன்குடிக் கோட்டையும் அயலுறவு முடிவும்

அரசுகளின் செயலைக் கூறும் வரலாற்று நூல்களில் ஒருவகைத் தொடரமைப்பு அடிக்கடி வருதலைக் காணலாம். 'ஆங்கிலேயர் கருதினர்', 'பிரெஞ்சுக்காரர் விரும்பினர்', 'மைசூர் சினந்தது' என்பன அத்தகையன. இலக்கண நோக்கில் இவற்றில் குறையொன்றும் இல்லை. எழுவாயும் உண்டு, பயனிலையும் உண்டு. ஆயின் பொருள் நோக்கில் வினவத் தொடங்கின், கருதியவர் யார், எத்துணைப் பேர் கூடிக் கருதினர், கருதிய அன்று அவர் அறிந்திருந்தது யாது, அறியாதிருந்தது யாது என்னும் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். எழுவாய் இருப்பதனாலேயே வினைமுதல் விளங்கிவிட்டதாகக் கொள்ளுதல் ஆராய்ச்சிக்குப் பொருந்தாது.

அயலுறவுக் கொள்கை என இன்று வழங்கும் துறையில், இவ்வினாக்களை முறைப்படுத்திய பெருமை இருபதாம் நூற்றாண்டு அறிஞர்க்கு உரியது. 1954-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ரிச்சர்டு ஸ்னைடரும் அவருடன் ஆய்ந்த புரூக், சேப்பின் என்னும் இருவரும் வெளியிட்ட ஆய்வு, 'அரசு' என்னும் அருவப் பெயரை விடுத்து, முடிவெடுக்கும் மாந்தரை நோக்குக என்றது. 1971-இல் கிரகாம் அலிசன், 1962-ஆம் ஆண்டுக் கியூபா நெருக்கடியை எடுத்துக்கொண்டு, ஒரே நிகழ்ச்சியை மூன்று கண்ணாடிகள் வழியே நோக்கின் மூன்று வேறு விளக்கங்கள் கிடைத்தலைக் காட்டினார். அரசை ஒரே மனமுடைய ஒருவனாகக் கொண்டு, அவன் ஆதாயமும் இழப்பும் எண்ணிச் செயல்பட்டான் என்பது முதலாவது. அரசு என்பது பல அலுவலகங்களின் தொகுதி. அவை தத்தம் பழகிய நடைமுறைப்படியே இயங்கும் என்பது இரண்டாவது. பதவியில் உள்ளோர் தம்முள் இழுபறி செய்து பெற்ற விளைவே முடிவு எனப்படுகிறது என்பது மூன்றாவது.

இம்மூன்றும் அணுகுண்டுக் காலத்து வல்லரசுகட்கே உரியன என எண்ணுதல் வேண்டா. தமிழகத்தின் நடுவே, பெரம்பலூருக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையில் 1751-ஆம் ஆண்டுக் கோடையில் நிகழ்ந்த ஒன்றை இவற்றால் ஆராய்வாம். அந்நிகழ்ச்சி இதுவரை பெற்றுவந்த தீர்ப்பு மறு ஆய்வுக்குரியது என்பது என் கருத்து.

கோட்டையின் அமைப்பை முதற்கண் அறிதல் நலம். வாலிகொண்டபுரத்தை அடுத்து, ஆர்க்காட்டிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் வழியில் ஒரு பாறை எழுந்து நிற்கிறது. அடியில் ஒரு மதில், மேலே ஒரு மதில், உச்சியைச் சுற்றி மற்றொரு மதில் என மூன்று சுற்று. பாறையின் கீழைப்புறத்துச் சமவெளியில் கல்லாலான கோட்டை; அதனை ஒட்டி மண்மதில் சூழ்ந்த ஊர். அக்காலத்து ஆங்கிலேயர் இதனை வாலிகொண்டா என்னும் பெயரால் எழுதினர். இதனைக் கையில் வைத்திருப்பவன், வடக்கிலிருந்து திருச்சிராப்பள்ளியை முற்றுகையிடச் செல்லும் படைக்கு வழிவிடவும் வல்லன், வழி மறிக்கவும் வல்லன்.

அவ்வாண்டில் கருநாடகத்தின் நவாபு யார் என்பதே வழக்காயிருந்தது. 1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் வீழ்ந்தபின், சந்தா சாகிபு ஆர்க்காட்டைப் பற்றினார்; அவர்க்குப் புதுச்சேரியில் இருந்த டூப்ளேயின் துணை இருந்தது. அன்வருத்தீனின் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்குள் ஒடுங்கினார். அவர்க்கு ஆங்கிலக் கும்பெனியின் துணை, தொடக்கத்தில் தயக்கத்தோடும் பின்னர்த் துணிவோடும், கிடைத்தது. 1751-இல் சந்தா சாகிபு பெரும்படையுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அவரைத் தடுக்க ஜின்ஜென்ஸ் என்னும் தலைவன்கீழ் ஏறத்தாழ 500 ஐரோப்பியரும் சிப்பாய்களும் கொண்ட ஆங்கிலப்படை சென்றது. விருத்தாசலத்தைக் கைக்கொண்டு, முகம்மது அலியின் உடன்பிறந்தார் அப்துல் வகாபு கானின் படையோடு கூடி, வாலிகொண்டபுரத்தை அடைந்தது. இரு படையும் ஒன்றையொன்று காணும் தொலைவில் தங்கின. நடுவே கோட்டை, கோட்டையினுள் அதன் தலைவன்.

இரு சாராரும் தூது விடுத்தனர். தலைவன் இருவருக்கும் மறுமொழி தந்தான். இருவரையும் உள்ளே விடவில்லை. போரில் யார் வெல்வரோ அவர்க்கே கோட்டை என்பது அவன் நிலை. இவ்வாறு இருவாரக் காலம் கழிந்தது. ஜின்ஜென்ஸ் பொறுமை இழந்து, அவனைப் பகைவனாகவே கொள்ளத் துணிந்தான். ஆங்கிலப் படைப்பிரிவொன்று மாலையில் ஊரின் மண்மதிலை ஏறிக் கடந்து வீடுகளுக்குத் தீயிட்டது. ஆயின் கற்கோட்டையின்மேல் மோதி இழப்புடன் திரும்பியது. தலைவன் உடனே சந்தா சாகிபுக்கு ஆளனுப்பினான். பிரெஞ்சுப்படை விரைந்து வந்தது. ஆங்கிலத் தலைவர்கள் போர்க்குழு கூட்டி ஆராய்ந்துகொண்டிருந்த தயக்கம் வீரரிடையேயும் பரவிற்று. பீரங்கி முழங்கியதும் ஐரோப்பியர் கலைந்து ஓடினர். டால்ட்டன், கில்பாட்ரிக், அப்போது இளநிலை அலுவலனாய் இருந்த கிளைவ் ஆகியோர் நிறுத்த முயன்றும் பயனில்லை. அப்துல் வகாபு கான் குதிரையில் வந்து, இன்னும் நிலைகுலையாது நின்ற ஆப்பிரிக்க வீரரைச் சுட்டிக் காட்டி அவர்களை இகழ்ந்தார் என்பர். படை ஊட்டத்தூர் வழியாகக் கொள்ளிடம் கடந்து திருச்சிராப்பள்ளியை அடைந்தது.

இவ்விடத்தில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். சுற்றுலாக் குறிப்புகள் சில, இப்போரில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்றனர் எனக் கூறுகின்றன. ஆங்கிலேயர் பக்கத்திலிருந்தே எழுதியவரும், கிளைவின் நண்பருமான ராபர்ட் ஓர்ம், 1763-இல் வெளிவந்த தம் நூலில் இத்தோல்வியை மறையாது கூறியிருத்தலின், அக்கூற்றுக்கு இடமில்லை. பிற்காலத்து வெற்றிகளின் ஒளி முன்னைய தோல்வியின்மேலும் வீசப்பட்டது போலும்!

கோட்டைத் தலைவனை நிலையற்றவன், சொல் மாறுபவன் என்னும் கருத்துப்பட எழுதுவதே ஆங்கில நூலார் வழக்கு. பின்வந்தோர் பலரும் அதனையே வழிமொழிந்தனர். இத்தீர்ப்பு பொருந்துமா? முதற் கண்ணாடியை எடுத்துக்கொள்வாம்.

அவன்முன் இருந்த வழிகள் மூன்று. முகம்மது அலிபால் சேர்ந்திருந்தால், மிகப்பெரிய குதிரைப்படையுடன் வாயிலில் நின்ற சந்தா சாகிபின் முற்றுகையை ஏற்றிருத்தல் வேண்டும். சந்தா சாகிபுபால் முன்னரே சேர்ந்திருந்தால், ஆங்கிலேயர் வென்றக்கால் கோட்டையும் பதவியும் ஒருங்கே இழந்திருப்பன். மூன்றாம் வழி, வாயிலை அடைத்துக்கொண்டு காத்திருத்தல். வடநூலாசிரியர் அரசர்க்குக் கூறிய ஆறு குணங்களுள் ஆசனம் என்பது இதுவே; தமிழுரையாளர் இதனை இருத்தல் என்பர். போர் தொடங்காமலும் நட்புச் செய்யாமலும், வலி தெளியுங்காறும் தன்னிடத்தே அமைந்திருத்தல் என்பது பொருள். சோர்ந்து கிடத்தல் வேறு, இருத்தல் வேறு என்பதை நூலோர் நன்கு உணர்ந்திருந்தனர். திருக்குறளில் தெரிந்து செயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அதிகாரங்கள் வைக்கப்பட்ட முறையும் இவ்வுணர்வின்பாற்பட்டதே. வலியறிதலில் தன்வலி, மாற்றான் வலியோடு துணைவலியும் எண்ணப்படுதல் ஈண்டு நோக்கற்பாலது. ரஞ்சன்குடித் தலைவன் அறியவேண்டியிருந்தது நவாபுகளின் வலியை அன்று. அவர்தம் துணைகளின் வலியையே. அதுவோ அன்று யார்க்கும் தெளிவாகாதது. கருநாடகத்துச் சமவெளியில் இரு கும்பெனிகளும் தம்முள் அதுகாறும் பெரும்போர் எதனையும் முடிவு காணப் பொருதிருந்தில.

காத்திருத்தலுக்கு அவன் கொடுத்த விலையும் சிறிதே. மூன்று மதிலும் பாறையும் உடையவன், காவலற்ற ஊர் ஒன்றன் தலைவனைப் போல உடனே விடையிறுக்க வேண்டியவன் அல்லன். கோட்டையின் வன்மையே அவன் நொதுமலுக்கு அரணாயிற்று. ஆகவே, முதற் கண்ணாடி வழியே காணுங்கால் அவன் செயலில் மாறுபாடு இல்லை. தொடக்கமுதல் இறுதிவரை ஒரே நெறியே உள்ளது. வலியுடையான் யாரெனத் தெரியாதவரை இருந்தான். ஒரு சாரார் அவன் ஊரைத் தீயிட்டு அவனது நொதுமலை அழித்தபின், மறுசாராரை அழைத்தான். மாறியது அவன் கொள்கையன்று, அவனது சூழ்நிலை.

இனி, அவனை வற்புறுத்திய இருபெரும் துணைகளைப் பார்ப்போம். அவர்களே உறுதியுடையோர் எனப் போற்றப்பட்டவர். ஆயின் வினைமுதல் யார் என்னும் வினாவை அவர்கள்பால் எழுப்பின், ஒற்றை மனம் என்பது அங்குத்தான் காணக் கிடைக்கவில்லை.

1748-இல் ஐரோப்பாவில் ஏ-லா-ஷாப்பேல் உடன்படிக்கை ஏற்பட்டு, இங்கிலாந்தும் பிரான்சும் அமைதியில் இருந்தன. ஆதலின் கருநாடகத்தில் ஆங்கிலக் கும்பெனி பிரெஞ்சுக் கும்பெனியோடு போர் செய்வதாகக் கூறிக்கொள்ளுதல் இயலாது. இருவரும் தத்தம் நவாபுக்குத் துணைப்படை தருவதாகவே கூறினர். இலண்டனில் இருந்த இயக்குநர்கட்கு ஒரு கடிதம் சென்று சேர ஏறத்தாழ ஆறு திங்கள். விடை வர மேலும் அத்துணைக் காலம். இயக்குநர் விரும்பியது வாணிகம். செலவு மிகுந்த போரை அவர் விரும்பவில்லை. செயின்ட் டேவிட் கோட்டையில் அமர்ந்திருந்த ஆளுநர் சாண்டர்சும் அவர்தம் ஆலோசனைக் குழுவினரும், மேலிடத்தின் பொது ஆணைக்கும் தம் கண்முன் தோன்றிய இடுக்கணுக்கும் இடையே நின்றனர். பிரெஞ்சுக்காரர் தம் உரிமையைக் காட்ட அக்கோட்டையைச் சுற்றிய வயல்களில் வெள்ளைக் கொடிகளை நட்டனர். கும்பெனியின் எல்லைக்குள்ளும் சில நடப்பட்டன. படை அனுப்பும் துணிவை இக்காட்சி தூண்டிற்று என ஓர்ம் கூறுகிறார். வயலில் நட்ட கொடி ஒன்று ஒரு கும்பெனியின் அயலுறவுக் கொள்கையை மாற்றியது என்றால், ஆதாயக் கணக்கு மட்டும் வைத்து முடிவுகளை விளக்க முயல்வோர் சற்று நின்று எண்ணுதல் வேண்டும்.

பிரெஞ்சுப் பக்கத்தை அறிய நமக்கு ஒரு பெருஞ்செல்வம் உண்டு. அது தமிழில் உள்ளது. டூப்ளேயின் துபாஷியாய் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை மொழிநூலார் பேச்சுவழக்கின் கருவூலமாகக் கொள்வர். வணிக வரலாற்றார் விலைவாசிக்காகப் புரட்டுவர். அரசியல் முடிவு எவ்வாறு உருவாகிறது என்பதை ஒரு மாளிகையின் உள்ளிருந்தே நாள்தோறும் காட்டும் சான்றாக அதனை நோக்கியோர் குறைவு. அங்கே 'பிரெஞ்சுக்காரர் கருதினர்' என்னும் எழுவாய் உடைந்து பலவாகிறது. ஆளுநர் ஒன்று சொல்கிறார். அவர் மனைவியார் தம் ஒற்றர் வழியாகவும் கடிதங்கள் வழியாகவும் வேறொன்று செய்கிறார். படைத்தலைவர் ஊதியமும் பரிசும் கேட்கின்றனர். நவாபின் ஆட்கள் பணம் தர நாட்கடத்துகின்றனர். துபாஷியார் தாம் கூறிய அறிவுரை கேட்கப்படாமையை எண்ணிப் புழுங்குகிறார். அலிசன் கூறிய மூன்றாம் கண்ணாடிக்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு வேண்டுமோ? ஆயினும் பிள்ளையவர்கள் கூறுவன அனைத்தையும் அவ்வாறே கொள்ளுதல் கூடாது. அம்மையார்மேல் அவருக்கிருந்த வெறுப்பு ஏடுதோறும் வெளிப்படுகிறது. தம் செல்வாக்கைப் பெரிதாகக் காட்டும் ஆர்வமும் உண்டு. முடிவெடுத்தோர் கூட்டத்தில் ஒருவராய் இருந்தவரது சான்று அது. அதன் சிறப்பும் குறையும் அதுவே.

நாட்கணக்கைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய சூலியன் நாட்காட்டியையே கொண்டிருந்தனர்; பிரெஞ்சுக்காரர் புதிய கிரகோரி நாட்காட்டியைக் கொண்டிருந்தனர். இரண்டிற்கும் பதினொரு நாள் வேறுபாடு. பிள்ளையவர்களோ தமிழ் ஆண்டு, திங்கள், தேதியோடு ஐரோப்பியத் தேதியையும் குறிக்கும் பழக்கமுடையவர். யார் எதனை எப்போது அறிந்தார் என்பதே முடிவாராய்ச்சியின் உயிர்நிலை ஆதலின், இவ்வேறுபாட்டை மறந்து சான்றுகளை இணைப்பவன், செய்தி வருமுன்னரே விடை எழுதப்பட்டதாகக் காட்டிவிடுவன்.

ஜின்ஜென்சின் முடிவு யாது? அவன்பால் இருந்த அரசியல் ஆணை முகம்மது அலியின் உரிமையைக் காத்தல். அவன் கற்ற தொழிலோ ஐரோப்பியப் போர்முறை. அம்முறையில் ஒரு கோட்டை நம்முடையது அல்லது பகைவனுடையது. மூன்றாம் நிலை இல்லை. இதுவே இரண்டாம் கண்ணாடி காட்டுவது: படை என்னும் அமைப்பு, தான் செய்யப் பழகியதையே தீர்வாகக் காணும். இதனோடு, 1976-இல் ராபர்ட் ஜெர்விஸ் விரித்துரைத்த ஓர் உண்மையும் பொருந்துகிறது. பிறருடைய செயல் அவர்தம் இடர்ப்பாட்டிலிருந்து பிறந்ததாக இருப்பினும், அதனை நமக்கெனத் திட்டமிட்டுச் செய்த தீமையாகக் காணுதல் முடிவெடுப்போரின் இயல்பு. கோட்டைத் தலைவனின் காலந்தாழ்த்தலை ஜின்ஜென்ஸ் தன்பால் கொண்ட பகையாகக் கண்டான். பகையெனக் கண்டு தாக்கினான். தாக்கியபின் அது பகையே ஆயிற்று. தலைவன் இன்னும் ஒரு திங்கள் காத்திருந்தால் ஆங்கிலேயர்க்கு இழப்பு என்ன? சந்தா சாகிபின் பெரும்படைக்கு நாள்தோறும் செலவு ஏறும். தெற்குநோக்கிய பயணம் தடைப்படும். திருச்சிராப்பள்ளிக்கு வழி அடைபட்டிருந்ததே முகம்மது அலிக்கு வேண்டியது. நொதுமலாய் நின்ற கோட்டை ஆங்கிலேயர்க்கு ஒரு காசும் செலவில்லாத அரணாய் இருந்தது; அவர்களே அதனை இடித்தனர் எனல் தகும்.

காத்திருந்தவன் இவன் ஒருவனே அல்லன் என்பதையும் கருதுக. முகம்மது அலியே, 1750 இறுதியில் நாசிர் ஜங் கொலையுண்டபின், திருச்சிராப்பள்ளியை ஒப்படைத்துவிடுவதாக டூப்ளேயோடு பேச்சு நடத்திக்கொண்டே ஆங்கிலேயரிடம் துணை வேண்டினார். தஞ்சை மன்னர் பிரதாபசிங்கர், 1749 இறுதியில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் தம் நகரை முற்றியபோது, 70 இலட்ச ரூபாய் தருவதாக ஒப்பி, அதனை எண்ணிக் கொடுப்பதிலும் நிறுத்துக் கொடுப்பதிலும் வாரங்களைக் கடத்தினார். நாசிர் ஜங்கின் படை வரும் செய்தி எட்டவே முற்றுகை கலைந்தது. இதனை நூலோர் சூழ்ச்சித் திறன் என்கின்றனர். ஒரு கோட்டைத் தலைவன் அதனையே செய்யின் நிலையின்மை என்கின்றனர். செயல் ஒன்றே, செய்தவன் சிறியன் ஆதலின் பெயர் வேறாயிற்று. அரசன் செய்தால் அயலுறவு, கோட்டைத் தலைவன் செய்தால் துரோகம் என்னும் பகுப்பு, இறைமை எங்கிருக்கிறது என்பது தெளிவாயிருந்த காலத்திற்கே பொருந்தும். நவாபு யாரென்றே வழக்கு நடந்த 1751-இல், அத்தலைவன் யாருக்குத் துரோகி? மேலிடம் இரண்டாய்ப் பிளந்தபோது, அதன்கீழ் இருந்த ஒவ்வொரு கோட்டையும் தனக்கென ஓர் அயலுறவுக் கொள்கை வகுக்க வேண்டியதாயிற்று.

வாலிகொண்டபுரத் தோல்விக்குப்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. முற்றுகையிடப்பட்ட திருச்சிராப்பள்ளியின் சுமையைக் குறைக்க, அவ்வாண்டிலேயே கிளைவ் சிறுபடையுடன் ஆர்க்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினான். அவ்யோசனை கிளைவினுடையதா, முகம்மது அலியினுடையதா என்பது வரலாற்றாசிரியரிடையே இன்னும் வழக்கிலுள்ளது. ஒப்புதல் அளித்துப் பொறுப்பேற்றவர் சாண்டர்ஸ். 1752-இல் சந்தா சாகிபு தஞ்சைப் படைத்தலைவன் மானோஜியிடம் சிக்கி உயிரிழந்தார். 1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார்.

சிறிய ஆற்றல்களின் பக்கமிருந்து நோக்குவார்க்கு இவற்றினும் முதன்மையான ஆண்டு 1763. அவ்வாண்டுப் பாரிசு உடன்படிக்கையில் முகம்மது அலியே கருநாடகத்தின் உரிமை நவாபு என இங்கிலாந்தும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. இருத்தல் என்னும் குணம் பயன்படுவதற்கு வலியோர் இருவர் வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் அஞ்சுதல் வேண்டும். அந்நிலை நீங்கவே, காத்திருப்போர்க்குக் காட்டி அஞ்சுவிக்க மறுபக்கம் ஒன்று இல்லாதொழிந்தது. 1765-இல் நவாபின் படையும் கும்பெனியின் படையும் ரஞ்சன்குடிக்கு அண்மைப் பாளையங்களாகிய அரியலூர், உடையார்பாளையம் ஆகியவற்றின்மேல் சென்றன. 1772-இல் காளையார்கோயிலில் சிவகங்கையின் முத்துவடுகநாதத் தேவர் வீழ்ந்தார். நாட்கடத்தும் கலையில் வல்ல தஞ்சை 1773-இல் கைப்பற்றப்பட்டது. 1776-இல் மன்னரிடம் திரும்பியதும் இலண்டன் இயக்குநரின் ஆணையாலேயே. முகம்மது அலியின் வழியினர்க்கும் அந்நிலையே வாய்த்தது. 1801-இல் கருநாடகத்தின் ஆட்சி முழுவதையும் கும்பெனி தன் கையில் எடுத்துக்கொண்டது.